திரும்பி வரும் வழியை முதலில் போட்டுவை

அன்புள்ள நண்பா,

நலம்தானே? இங்கே எல்லோரும் நலம். முந்தைய கடிதத்துக்கே பதில் போடாதவன் என்று திட்டிக்கொண்டிருப்பாய். அந்தக் கணக்கை நேரில் தீர்த்துக்கொள். இப்போது அவசரமாக எழுதுவது உன் இரண்டாவது கடிதத்தின் கடைசி வரிக்காக. வார இறுதியில் எல்லா நோடுகளிலும், அதாவது உன் சர்வர் மெஷின்கள் எல்லாவற்றிலும், தூரத்திலிருந்து உள்ளே நுழையும் எஸ்எஸ்ஹெச்சின் பாஸ்வேர்ட் லாகினை அடைத்துவிட்டு, அது காத்திருக்கும் போர்ட் எண்ணையும் மாற்றிவிடப் போகிறாய், ஒரே லூப்பில் முடிந்துவிடும் என்று போகிற போக்கில் எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பரீட்சையில் மணி அடித்த பிறகும் விடைத்தாளை விடாமல் சரிபார்த்துக்கொண்டிருந்தவனா இப்படி எழுதுகிறான்!

பாஸ்வேர்டை அடைப்பதில் எனக்கு மறுபேச்சே இல்லை. அடைக்கும் விதம்தான் கவலை. கண்ணுக்கெட்டாத இடத்தில் இருக்கும் மெஷினின் கதவை மாற்றப் போகிறாய், அதுவும் அதே கதவு வழியாக உள்ளே போய் நின்றுகொண்டு.

முதலில் இங்கே நடந்ததைக் கேள். இந்த வருஷம் புதிதாகச் சில சர்வர்கள் என் பொறுப்புக்கு வந்தன. பாஸ்வேர்ட் லாகின் எப்போதோ நிறுத்தப்பட்டுவிட்டது என்று முன்பு பார்த்துக்கொண்டவர்கள் எழுதியே கொடுத்திருந்தார்கள். சர்வர் பக்கம் எஸ்எஸ்ஹெச்சைக் கவனிக்கும் எஸ்எஸ்ஹெச்டியின் கான்ஃபிக் ஃபைலைத் திறந்தேன். பாஸ்வேர்ட் ஆதென்டிகேஷன் 'நோ' என்றுதான் இருந்தது. ஆனால் லாகை விரித்தால் 'ஃபெயில்டு பாஸ்வேர்ட்' வரிகள் கொட்டிக்கொண்டிருந்தன. பாஸ்வேர்டே கேட்காத சர்வரில் பாஸ்வேர்ட் எப்படித் தவறும்?

எஸ்எஸ்ஹெச்டியைப் பெரிய எழுத்து 'டி' (-T) போட்டு ஓட்டினால், ஃபைலில் என்ன எழுதியிருக்கிறது என்பதை விட்டுவிட்டு, கடைசியில் எந்த செட்டிங் நடப்பில் இருக்கிறது என்று மொத்தத்தையும் கொட்டிக் காட்டும். அதில் 'யெஸ்' என்று இருந்தது! காரணம் இதுதான். டெபியன், உபுண்டு வகைகளில் அந்த ஃபைலின் தலைப்பிலேயே ஓர் இன்க்ளூட் வரி இருக்கும். பக்கத்து டைரக்டரியில் கிடக்கும் துண்டு ஃபைல்களை அது முதலில் இழுத்துவரும். மெஷினை உருவாக்கும்போது ஆரம்ப செட்டிங்குகளைப் போடும் கிளவுட்-இனிட் அங்கே ஒரு துண்டைப் போட்டு, அதில் 'யெஸ்' என்று எழுதிவிட்டுப் போயிருந்தது. வேறு பல மென்பொருள்களில் கடைசியாக வரும் வரிதான் செல்லும். எஸ்எஸ்ஹெச்டியில் முதலில் வருவதே செல்லும். கீழே எத்தனை முறை 'நோ' எழுதினாலும் அது காதில் வாங்காது. இதோடு கீபோர்டு-இன்டராக்டிவ் என்று இன்னொரு செட்டிங் உண்டு. அதைத் திறந்து வைத்திருந்தால் லினக்ஸில் லாகினைச் சரிபார்க்கும் பேம் வழியாகப் பாஸ்வேர்ட் மறுபடியும் உள்ளே வந்துவிடும். இரண்டையும் பார்.

இப்போது உன் வேலைக்கு வருகிறேன். ஒரே ஒரு நோடை எடுத்துக்கொள், இல்லாவிட்டாலும் சமாளிக்கக்கூடிய ஒன்றாக. பாஸ்வேர்டுக்குப் பதிலாக உன் கீ ஃபைலைக் காட்டி உள்ளே போக முடிகிறதா என்று பார்த்த பிறகுதான் எதையும் தொட வேண்டும். ஒரு டெர்மினலில் லாகின் செய்து அதை அப்படியே திறந்து வை, வேலை முடியும்வரை மூடாதே. ஏற்கெனவே இருக்கும் ஒவ்வொரு இணைப்புக்கும் தனியாக ஒரு ப்ராசஸ் ஓடுவதால், புது செட்டிங்கைப் படிக்க எஸ்எஸ்ஹெச்டியை ரீலோட் செய்தாலும் அந்த செஷன் அறுபடாது. ஃபைலை மாற்றியதும், ரீலோடுக்கு முன்னால் சிறிய எழுத்து 'டி' (-t) போட்டு ஓட்டு. எழுத்துப் பிழை இருந்தால் அங்கேயே சொல்லிவிடும். பிறகு ரீலோட். பிறகு வேறொரு டெர்மினலிலிருந்து புதிதாக லாகின் செய்து பார்.

அந்தப் புது லாகின் உண்மையிலேயே புதிதா என்பதைக் கவனி. நீ ஒரே இணைப்பைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் கன்ட்ரோல் மாஸ்டர் செட்டிங் வைத்திருப்பவன். அது பழைய இணைப்பின் மேலேயே ஏறிப் போய்விடும், கீயையும் கேட்காது, ஒன்றையும் கேட்காது. கன்ட்ரோல் பாத்துக்கு 'நன்' கொடுத்துவிட்டுச் சோதித்தால்தான் அது சோதனை.

இதெல்லாம் செய்தாலும் உன் நெட்வொர்க் அந்த நிமிடம் பார்த்து அறுந்தால்? அதற்குத்தான் திரும்பும் வழி. பழைய ஃபைலுக்கு ஒரு பிரதி எடு. ஃபைலைத் தொடுவதற்கு முன்பே, லினக்ஸில் சேவைகளை ஓட்டும் சிஸ்டம்டியின் சிஸ்டம்டி-ரன் கமாண்டில் ஐந்து நிமிடம் கழித்துப் பிரதியைத் திருப்பி வைத்து ரீலோட் செய்யும்படி ஒரு டைமர் போட்டுவிடு. புது லாகின் வேலை செய்தால் டைமரை ரத்து செய். நீ உள்ளே வர முடியாமல் போனால் மெஷின் தானே பழைய நிலைக்கு வந்துவிடும். டைமரை செஷனுக்குள் 'ஸ்லீப்' போட்டு ஓட்டாதே, இணைப்பு போனால் அதுவும் சேர்ந்து போகக்கூடும். நெட்வொர்க் ஆட்களுக்கு இது பழைய பாடம் என்று நாம் தாடி என்று கூப்பிடும் பெரியவர் அன்றைக்கே சொல்வாரே, நினைவிருக்கிறதா? ஜூனிப்பர் ரவுட்டரில் 'கமிட் கன்ஃபர்ம்டு' போட்டால், பத்து நிமிடத்துக்குள் நீ உறுதி செய்யாவிட்டால் பழைய செட்டிங்குக்கே போய்விடும். உபுண்டுவில் நெட்வொர்க் செட்டிங் போடும் நெட்பிளானில் 'ட்ரை' கொடுத்தால் 120 விநாடி காத்திருக்கும். நமக்கு எஸ்எஸ்ஹெச்டியில் அப்படிக் கைக்கு அடக்கமாக ஒன்று கிடையாது என்பது எனக்குத் தீராத மனக்குறை.

போர்ட் மாற்றத்தை இதோடு சேர்க்காதே. அதை இன்னொரு நாள் தனியாகச் செய். உபுண்டு 22.10 முதல் பல மெஷின்களில் போர்ட்டைப் பிடித்துக் காத்திருப்பது சிஸ்டம்டியின் சாக்கெட். எஸ்எஸ்ஹெச்டியை ரீலோட் செய்வதால் மட்டும் அங்கே ஒன்றும் நடக்காது. டீமன்-ரீலோட் கொடுத்து, சாக்கெட்டையும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

அந்த லூப் இருக்கிறதே, அதைப் பற்றிப் புலம்பாமல் விட மாட்டேன். நோடு பெயர்களை ஒரு ஃபைலில் எழுதி, ஒவ்வொரு வரியாகப் படிக்கும் வொயில்-ரீட் லூப் போட்டு வரிசையாக எஸ்எஸ்ஹெச் ஓட்டுவாய், அப்படித்தானே? முதல் நோடில் வேலை முடியும், லூப்பும் முடிந்துவிடும். மீதிப் பெயர்களை எஸ்எஸ்ஹெச் தன் ஸ்டாண்டர்டு இன்புட் என்று நினைத்து விழுங்கிவிடும். எரர் ஒன்றும் வராது, அதுதான் ஆபத்து. மைனஸ் 'என்' போட்டால் அந்தப் பக்கம் தலை வைக்காது. இன்னொன்று: அட்மின் உரிமை தரும் சூடோவைப் போட்டு எக்கோவை > குறியால் ஃபைலுக்குத் திருப்புகிறவர்களை இன்னும் பார்க்கிறேன். மேற்கோள் குறி இல்லாவிட்டால் அது உன் லேப்டாப்பிலேயே எழுதப் பார்க்கும். மேற்கோள் போட்டாலும் அங்கே எழுதப் பார்ப்பது சாதாரண யூசரின் ஷெல்தான், சூடோ இல்லை. வந்ததை ஃபைலில் எழுதும் 'டீ' கமாண்டுக்குப் பைப் செய்து, சூடோவை அந்த டீக்குக் கொடு.

சர்வரின் அடையாளக் கீயைச் சரிபார்க்கும் ஸ்ட்ரிக்ட் ஹோஸ்ட் கீ செக்கிங்கை 'நோ' என்று வைத்துவிட்டேன், வார்னிங் தொல்லை தாங்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்து வருத்தப்பட்டேன், நண்பா. 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ உட்கார்ந்து பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டதால்தான் டாட்டு யுலோனன் எஸ்எஸ்ஹெச்சையே எழுதினார். பாஸ்வேர்டை அப்பட்டமாக அனுப்பும் எஃப்டிபியின் 21-க்கும் டெல்நெட்டின் 23-க்கும் நடுவே காலியாக இருந்த 22-ஐக் கேட்டு வாங்கினார். மறுமுனையில் இருப்பது உன் சர்வர்தானா என்று உறுதி செய்வது அதன் பாதி வேலை. அதை நீ கையாலேயே அணைத்து வைத்திருக்கிறாய். நோடைப் புதிதாக நிறுவியதால் கீ மாறியதென்றால், கன்சோலில் அந்தக் கீயின் சுருக்க அடையாளமான ஃபிங்கர்பிரிண்டைப் பார்த்து ஒப்பிடு. பழைய வரியை எஸ்எஸ்ஹெச்-கீஜென் வழியாக நீக்கு. ஒரு நோடுக்கு ஒரு நிமிடம் ஆகுமா?

2024 மார்ச்சை நினைத்துப் பார். எஸ்எஸ்ஹெச் லாகின் ஆக அரை விநாடி கூடுதலாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் நின்று பார்த்தார், ஃபைல்களைச் சுருக்கும் எக்ஸ்இஸட் லைப்ரரிக்குள் ஒளித்து வைத்திருந்த பின்கதவு அப்படித்தான் வெளியே வந்தது. அரை விநாடியை அவர் தள்ளிவிடவில்லை. நீ ஒரு பக்க வார்னிங்கைத் தள்ளிவிடுகிறாய்.

கோபமாக எழுதிவிட்டேனோ? நீ என்பதால்தான். தாடி ஓய்வு பெற்றுவிட்டார், ஆனால் டெர்மினல் இன்னும் பச்சை எழுத்துதான். சின்னவனும் சர்வர் வேலைக்கே வந்துவிட்டான், நீ கேள்விப்பட்டிருக்க மாட்டாய்.

முதல் நோடு முடிந்ததும், இரண்டாவதைத் தொடுவதற்கு முன்னால், பெரிய எழுத்து 'டி' கொட்டுவதில் பாஸ்வேர்ட், கீபோர்டு-இன்டராக்டிவ் இந்த இரண்டு வரிகளை மட்டும் எனக்கு அனுப்பு. எந்த நேரமானாலும் பார்த்துப் பதில் போடுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்