பதினான்கு பேர் சார்பாக ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

போன 5ஆம் தேதி கூட்டத்தோடு எங்கள் மகளிர் குழுவுக்குப் பத்து வயது முடிந்தது. உதவி செய்த ஒவ்வொருவரையும் எழுந்து நிற்கச் சொல்லி நன்றி சொல்வதாகத் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தோம். பந்தி பரபரப்பில் சுத்தமாக மறந்துவிட்டோம். அதனால்தான் இந்த மடல். பெயர் போட்டால் சிலர் கூச்சப்படுவீர்கள், விட்டுப்போனால் சிலர் சண்டைக்கு வருவீர்கள். ஆகவே பெயரில்லாமல் எழுதுகிறேன். யாரைச் சொல்கிறேன் என்று ஊருக்கே தெரியும்.

முதலில் திண்ணை வீட்டுப் பாட்டிக்கு. மாதா மாதம் சாயங்காலம் ஆறு மணிக்கு நாங்கள் வந்து ஜமக்காளம் விரிக்கும் முன்பே திண்ணையைப் பெருக்கி, குடத்தில் தண்ணீர் வைத்திருப்பார். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் முதன்முதலாகத் தொடங்கியது 1989இல், எங்கள் தருமபுரி மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரி அப்போது எங்களோடு சேர்ந்திருந்தது. பாட்டி அந்தக் காலத்துக் குழுக்காரர். கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தவர் கையெழுத்துப் போடப் பழகியது அந்தக் குழுவில்தான். இன்றைக்கும் எங்களில் யாராவது மைப்பெட்டியைத் தேடினால், “பேனா என்னத்துக்கு இருக்கு?” என்று ஒரு அதட்டல் வரும்.

அப்புறம், எங்கள் கணக்கைச் சரிபார்த்துத் தரும் கல்லூரிப் பெண். ஆளுக்கு 200 வீதம் 2,800 ரூபாய் சேமிப்பு வர வேண்டிய ஒரு கூட்டத்தில் 2,600தான் இருந்தது. மூன்று முறை எண்ணியாயிற்று. மணி ஒன்பதரை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க ஆரம்பித்துவிட்டோம். பத்து வருஷக் குழுவானாலும் அந்த மாதிரிப் பார்வை நல்லதில்லை. அந்தப் பெண் பதறவில்லை. “எல்லா அக்காவும் ஒரு தடவை முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பாருங்க” என்றாள். ஒரு முடிச்சில், சின்னதாக மடித்த இருநூறு ரூபாய் நோட்டு. பாஸ்புத்தகத்தில் வரவு வைத்தாகிவிட்டது, நோட்டு மட்டும் கைமாறவில்லை. அன்று சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. குழு உடையாமல் இருப்பதில் அந்தப் பெண்ணுக்குப் பாதிப் பங்கு உண்டு என்பது என் கணக்கு.

வங்கிக் கடனுக்காக நாங்கள் முதலில் ஏறி இறங்கிய கிளையைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள், அவ்வளவுதான். நாலாவது தடவை போகும் முன் ஒவ்வொரு தாளையும் படித்துப் பார்த்து, தீர்மான நகலில் தேதி மாறியிருந்ததைக் கண்டுபிடித்த ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியருக்கு நன்றி. 2021இலிருந்து டவுன் பஸ்ஸில் எங்களுக்கு டிக்கெட் காசு இல்லை. இருந்தாலும் கைகாட்டிய இடத்தில் நிறுத்த மனசு வேண்டுமே. நிறுத்திய கண்டக்டர் தம்பிக்கும் நன்றி. அந்தக் கடனில் வாங்கிய இரண்டு கறவை மாடுகளும் கன்று போட்டுவிட்டன.

கொரோனா சமயத்தில் முகக்கவசம் தைக்கக் கற்றுக்கொடுத்து, எலாஸ்டிக்கையும் சும்மா கொடுத்த தையல்கடை அண்ணனுக்கு நன்றி.

கிராம சுகாதாரச் செவிலியரைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். ஒரு கூட்டத்துக்கு வந்து எல்லோருக்கும் ரத்தம் பார்த்தார். ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டுமாம். ஒன்பது பேருக்கு அதற்குக் கீழே, ஒருத்திக்கு 7. அவள் வீட்டு வாசலிலேயே முருங்கை மரம் நிற்கிறது. கீரையை ஆய்ந்து பொரியல் செய்து எல்லோருக்கும் போட்டுவிட்டு, சட்டியில் ஒட்டியதை வழித்துச் சாப்பிடுகிறவள் அவள். செவிலியர் திட்டவில்லை, மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு, “இனிமே முதல் தட்டு உன்னோடது” என்றார். அடுத்து கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பற்றிப் பேச ஆரம்பித்தபோது, திண்ணையோரம் சும்மா நின்ற ஆண்களை எப்படிக் கிளப்புவது என்று தெரியவில்லை. டீக்கடை அண்ணன் வந்து, “எல்லாரும் வாங்க, டீ என் கணக்கு” என்று அழைத்துப் போய்விட்டார். பதினோரு டீ! அந்தக் காசை இன்றுவரை எங்களிடம் வாங்கவில்லை.

சரி, வீட்டுக்காரர்களுக்கு நன்றி சொல்வதா வேண்டாமா? இதற்குக் கூட்டத்தில் விவாதமே நடந்தது. “மாசத்துல ஒரு நாள் களி கிண்டினதுக்கு நன்றியா?” என்று ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்விதான். கடைசியில், கட்டி தட்டாமல் கிண்டியவர்களுக்கு மட்டும் நன்றி என்று முடிவானது. அது யார் யார் என்று அவரவர் வீட்டில் கேட்டுக்கொள்ளவும்.

கடைசியாக, விழாவுக்குப் பாத்திரம் கொடுத்த வீடுகளுக்கு நன்றி. பெரிய அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்து, கொடுத்த வீட்டிலேயே சேர்த்துவிட்டோம். ஆனால் என் வீட்டில் ஒரு பித்தளை மூடி மிச்சம் இருக்கிறது, விளிம்பில் சின்ன நசுக்கல். எந்தப் பாத்திரத்துக்கும் பொருந்தவில்லை. உங்களுடையது என்றால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த 5ஆம் தேதி திண்ணைக்கும் எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
குழு உறுப்பினர்கள் பதினான்கு பேர் சார்பாக,
ஊக்குநர்