இரவில் ஒருவர் அருகில் அமர வேண்டும்

மதிப்பிற்குரிய மருத்துவமனை நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். உங்கள் பிரசவ வார்டில், சிசேரியன் ஆன மறுநாள் இரவு எனக்கு நேர்ந்ததைப் புகார்ப் புத்தகத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். பதில் வராததால் இதை எல்லோரும் படிக்கும்படி எழுத நேர்ந்தது.

மார்பில் வைத்த சற்று நேரத்தில் குழந்தை தூங்கிவிடும். தொட்டிலில் கிடத்தியதும் விழித்துக்கொண்டு, கையைச் சப்பியபடி மறுபடி பாலுக்குத் தேடும். தையல் போட்ட வயிற்றோடு ஒருக்களித்துப் படுக்கவும் இயலாமல், தூக்குவதும் கிடத்துவதுமாக நான் விடியலை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தபோது, இரவுப் பணியில் இருந்த செவிலியர் கதவருகில் நின்றபடியே "பால் பத்தலைம்மா, பவுடர் கலந்து குடுத்துரலாம்" என்று சொல்லிவிட்டுப் பாலாடையோடு திரும்பி வந்தார். குழந்தை சரியாகக் கவ்வுகிறதா, விழுங்குகிறதா என்று ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லை. அவரை நோவதில் பயனில்லை; அந்தத் தளம் முழுவதற்கும் அவர் ஒருவரே இருந்தார்.

பச்சிளங்குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும் என்பதும், இரண்டாம் இரவில் அடுத்தடுத்துக் கேட்கும் என்பதும், முதல் நாட்களின் சீம்பால் சிறிதளவே சுரந்தாலும் அதன் சின்ன வயிற்றுக்குப் பொதுவாகப் போதும் என்பதும் நீங்கள் அறியாதவை அல்ல. துணியைத் தளர்த்தி உடம்போடு உடம்பு பட அணைப்பது, உறிஞ்சுவது நிற்கும்போது மார்பை மெல்ல அழுத்திக் கொடுப்பது, உள்ளங்காலைத் தேய்த்து எழுப்புவது, ஏப்பம் எடுக்கவைத்து அடுத்த பக்கம் மாற்றுவது ஆகியவற்றை, வீட்டுக்கு வந்த பிறகு எங்கள் ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியர் கால் மணி நேரத்தில் கற்றுத் தந்தார். அந்தக் கால் மணி நேரத்தையும் பில்லில் சேர்த்திருந்தால் மறுபேச்சின்றிக் கட்டியிருப்போம்.

ஆகவே நான் கேட்பது இதுதான்: பிரசவமான முதல் சில இரவுகளில், பாலூட்டப் பயிற்சி பெற்ற ஒருவர் தாயின் அருகில் அமர்ந்து, ஒருமுறையாவது முழுமையாகப் பார்க்க வேண்டும். குழந்தையின் சர்க்கரை இறங்கினாலோ, எடை அளவுக்கு மீறிக் குறைந்தாலோ மருத்துவர் சோதித்துப் பவுடர் பால் எழுதுவதை யாரும் எதிர்க்கப் போவதில்லை. பார்க்காமலேயே பால் பற்றாது என்று தீர்ப்புச் சொல்வதைத்தான் நிறுத்தக் கோருகிறேன்.

2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டின் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன் என்பதால், எழுந்து அமரவே துணை தேவைப்படும் தாய்மார்கள் உங்கள் வார்டில் இனியும் இருக்கத்தான் போகிறார்கள். ஆகஸ்ட் முதல் வாரத்தில் தாய்ப்பால் வாரப் பதாகை கட்டிக் கோலப்போட்டியும் நடத்துகிறீர்கள். என் டிஸ்சார்ஜ் சீட்டிலோ இரும்புச்சத்து மாத்திரைக்கு அடுத்த வரியில் பவுடர் டின்னின் பெயர் இருந்தது. மருத்துவமனைகள் வழியாக இவற்றை விற்பனைக்கு ஊக்குவிப்பதைத் தடுக்கும் 1992ஆம் ஆண்டுச் சட்டம், டாக்டர் கையெழுத்துக்குப் பொருந்தாது என்று எண்ணிவிட்டீர்கள் போலும்.

கடுமை தெரிந்தால் பொறுத்தருளவும். என் நாத்தனாருக்கும் உங்களிடமே பிரசவத்துக்குப் பதிவு செய்திருக்கிறோம்; ஐப்பசியில் நாள் குறித்திருக்கிறார்கள். அதற்குள் இரவுப் பணிக்குப் பயிற்சி பெற்ற ஒருவரை நியமித்து, எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வார்டில் பிள்ளை பெற்ற ஒரு தாய்