மாவடிப்பள்ளியில் நின்றுபோகும் மோட்டார் சைக்கிள்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பெரும்போக அறுவடை முடிந்து நெல்லும் வீடு வந்து சேர்ந்துவிட்டது என்று அறிந்து மகிழ்ச்சி. இங்கும் எல்லோரும் சுகம். மற்றச் செய்திகளைப் பிறகு எழுதுகிறேன். நீ இரண்டு பக்கம் நிறைய எழுதியிருந்த மோட்டார் சைக்கிள் விடயத்துக்கே நேராக வருகிறேன். ஏனென்றால் பெற்றோலைக் காற்றோடு கலந்து இயந்திரத்துக்கு அனுப்பும் அந்தக் காபரேட்டரையே புதிதாக வாங்கப் போவதாகக் கடைசி வரியில் எழுதியிருக்கிறாய். தயவுசெய்து இப்போதைக்கு அதை வாங்காதே.

நான் விளங்கிக்கொண்டது இதுதான். பெற்றோல் தாங்கியைக் கழற்றிக் கழுவி வர்ணம் பூசினாய். காபரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்தாய். தாங்கியிலிருந்து காபரேட்டருக்குப் போகும் பழைய றப்பர் குழாயை எறிந்துவிட்டுப் புதியதும், நடுவில் ஒரு பில்டரும் போட்டாய். இப்போது வீட்டு முற்றத்தில் எவ்வளவு நேரம் விட்டாலும் இயந்திரம் சீராக ஓடுகிறது. காரைதீவுச் சந்தியால் திரும்பிச் சம்மாந்துறைப் பக்கம் வேகமெடுத்தால் மட்டும் மாவடிப்பள்ளியை அண்மிக்கும்போது இழுத்து இழுத்து நின்றுவிடுகிறது. சற்று நேரம் பொறுத்து உதைத்தால் ஒன்றும் நடக்காததுபோலப் புறப்படுகிறது.

இது பெற்றோல் போதாமல் நிற்கிற வண்டியின் இலட்சணம் என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனாலும் சூடேறினால் மின்பொறி விடாத பழைய கொயிலும் இதே நாடகத்தை ஆடும். ஆறியதும் மறுபடி வேலை செய்யும். மின்பொறி போனால் இயந்திரம் பெரும்பாலும் பட்டென்று அணையும். பெற்றோல் குறைந்தால் முதலில் தடுமாறும், அந்தத் தடுமாற்றத்தின்போது காற்றைக் குறைக்கும் சோக்கைச் சற்று இழுத்தால் சில விநாடிகளுக்கு உயிர் வரும். இதைவிட உறுதியான வழி ஒன்று உண்டு. அடுத்த முறை நின்றவுடன், உதைத்துப் பார்க்காமல், பெற்றோல் வால்வை உடனே மூடிவிடு. இயந்திரத்தின் சூடு தணிந்த பிறகு காபரேட்டரில் பெற்றோல் தேங்கி நிற்கும் கிண்ணத்தின் அடியில் உள்ள வடிகால் திருகாணியைத் தளர்த்தி, வருவதை ஒரு சிறு கண்ணாடிப் போத்தலில் பிடி. கிண்ணம் நிறைய இருந்தால், பெற்றோல் கிண்ணம்வரை வந்து சேர்ந்திருக்கிறது. கிண்ணத்திலிருந்து பெற்றோலை அளந்து விடும் சிறு துவாரமான ஜெட்டையோ, கொயிலையோதான் சந்தேகிக்க வேண்டும். சில துளிகள்தான் வருகின்றன என்றால் குறை கிண்ணத்துக்கு மேலே இருக்கிறது.

ஏன் முற்றத்தில் ஓடி வெளியில் நிற்கிறது என்று கேட்டிருந்தாய். கணக்குப் போட்டால் விளங்கும். லீற்றருக்கு 40 கிலோமீற்றர் ஓடும் வண்டி, மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் போனால் ஒரு மணித்தியாலத்தில் ஒன்றரை லீற்றர், அதாவது நிமிடத்துக்கு 25 மில்லிலீற்றர் செலவழிக்கும். கிண்ணத்தில் 30 மில்லிலீற்றர் இருக்கிறது என்று வைத்துக்கொள். மேலிருந்து தேவையில் பாதிதான் வருகிறது என்றால் இரண்டரை நிமிடத்துக்குள் கிண்ணம் வற்றிவிடும். அந்த வேகத்தில் அது இரண்டரைக் கிலோமீற்றர்கூட இல்லை. சந்தியிலிருந்து நீ நிற்கிற இடமும் ஏறக்குறைய அந்தத் தூரம்தானே? முற்றத்தில் வெறுமனே ஓடும்போது செலவு மிகச் சொற்பம் என்பதால் சொட்டுச் சொட்டாக வந்தாலே போதுமாகிவிடுகிறது. நின்ற பிறகு அதே சொட்டுக்கள் கிண்ணத்தை மறுபடி நிரப்புகின்றன. வண்டி ஆறியதால் குணமாகிவிட்டது என்று நீ நினைப்பது உண்மையில் கிண்ணம் நிரம்பியதாகத்தான் இருக்கும்.

ஆகவே வருகிற பெற்றோலை அளந்து பார். குழாயைக் கழற்றிப் பிடித்துப் பார்த்ததில் நன்றாகக் கொட்டியது என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பரிசோதனையில் எனக்கு நம்பிக்கை இல்லை. தாங்கியைச் சரித்துத் தூக்கி வைத்துக்கொண்டு பார்க்கும்போது குழாய் நேராக இருக்கும். தாங்கியைப் பொருத்தி இருக்கையையும் மாட்டிய பிறகுதான் அது மடிகிறது. வண்டி ஓடும்போது எப்படி இருக்குமோ அப்படியே எல்லாவற்றையும் பூட்டி, தாங்கி மூடியையும் இறுக்கி மூடி, வடிகால் திருகாணியின் வழியாகவே முழுதாக ஒரு நிமிடம் பிடித்து அள. முதலில் விரைந்து கொட்டுவது கிண்ணத்தில் இருந்தது. அதைக் கணக்கில் சேர்க்காதே. அதன் பிறகும் நிமிடத்துக்கு 100 மில்லிலீற்றருக்கு மேல் சளைக்காமல் வந்தால் உன் வண்டிக்குத் தாராளம். வர வர மெலிந்தால் திருடன் அகப்பட்டான். இதைத் திறந்த வெளியில், இயந்திரம் ஆறியிருக்கும்போது செய். குசினிப் பக்கமும் வேண்டாம், பீடியோடு யாரும் கிட்ட நிற்கவும் வேண்டாம்.

என் முதல் சந்தேகம் அந்தப் புதிய குழாயும் பில்டரும். உன் வண்டியில் பம்ப் கிடையாது. பெற்றோல் தன் பாரத்தால் மட்டுமே கீழே இறங்குகிறது. தாங்கிக்கும் காபரேட்டருக்கும் இடையில் உள்ள சிறிய உயரத்தைத் தவிர அதைத் தள்ளுவதற்கு வேறெதுவும் இல்லை. பம்ப் உள்ள வாகனத்துக்கென்று செய்யப்பட்ட கடதாசிப் பில்டரை அதில் போட்டால் அது அந்தச் சிறு அழுத்தத்தையும் விழுங்கிவிடும். சாதாரண வலைப் பில்டரே போதும். குழாய் நீளம் கூடினால் நடுவில் மேலே வளைந்து நிற்கும், அந்த வளைவில் காற்றுக் குமிழி தங்கும். கூர்மையாக வளைந்த இடத்தில் குழாய் தட்டையாகி, விரலால் தொட்டால் ஒரு விளிம்பு தட்டுப்படும். அங்கே உள்துவாரம் பாதிகூட இருக்காது.

அடுத்தது தாங்கி மூடி. அதில் காற்று உள்ளே போவதற்கு ஒரு நுண்ணிய துவாரம் உண்டு. நீ பூசிய வர்ணமோ, பளபளப்புக்குத் தேய்த்த மெழுகோ அதை அடைத்திருக்கலாம். நின்றவுடன் மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லி எல்லோரும் ஆலோசனை சொல்வார்கள். உஸ் என்ற சத்தம் கேட்டால் சரி. ஆனால் திறந்த பின் வண்டி புறப்பட்டது என்பதை மட்டும் சான்றாக எடுக்க முடியாது, ஏனென்றால் நீ மூடியைத் திறக்கும் நேரத்துக்குள் கிண்ணமும் நிரம்பிவிடும். இன்னொரு விதமாகப் பார்க்கலாம். தாங்கி நிறைய இருக்கும்போது மேலே காற்றுக்கு இடம் குறைவு, ஆதலால் சிறிதளவு பெற்றோல் இறங்கினாலே உள்ளே இழுவிசை உண்டாகிவிடும். மூடி அடைபட்ட வண்டி நிறைந்த தாங்கியோடு சீக்கிரம் நிற்கும். குழாயிலோ பில்டரிலோ தடை என்றால் மறுதலையாக, தாங்கி குறையக் குறையச் சீக்கிரம் நிற்கும்.

வால்வையும் பிரித்தாயா என்று நீ எழுதவில்லை. பிரித்திருந்தால் அதன் உள்ளே துளைகளுள்ள சிறிய றப்பர் வட்டம் ஒன்று இருக்கும். அது சற்றுத் திரும்பி அமர்ந்தாலே வழி பாதி அடைபடும். காபரேட்டர் கிண்ணத்துக்கும் காற்றுவழி ஒன்று உண்டு. அதன் மெல்லிய குழாயை எங்காவது நசித்து வைத்திருக்கிறாயா என்று பார். கிண்ணத்தில் பெற்றோல் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் மிதவையின் நாக்கை வளைத்திருந்தால் மட்டும் அதன் உயர அளவைச் சரிபார். வளைக்கவில்லை என்றால் அதைத் தொடாதே.

போத்தலில் பிடித்த பெற்றோலைச் சிறிது நேரம் அசையாமல் வைத்து அடியைப் பார். செங்கபில நிறத்தில் தூள் படிந்தால் தாங்கிக்குள் துரு. நம் கரையோர உப்புக்காற்றில், கழுவிய தாங்கியை வெறுமையாகச் சில நாள் வைத்திருந்தாலே போதும். போத்தலைச் சரிக்கும்போது அடியில் மணிமணியாக உருளுவது தண்ணீர். அது பெற்றோலைவிடப் பாரமானது என்பதால் கிண்ணத்தின் அடியில், பிரதான ஜெட் உறிஞ்சுகிற இடத்திலேயே போய் நிற்கும். ஜெட்டைச் சுத்தம் செய்வதென்றால் காற்றடித்துச் செய். கம்பி விட்டால் துவாரம் பெருத்துவிடும்.

உன் மைத்துனனின் ஸ்கூட்டரும் இப்படித்தான் என்று எழுதியிருந்தாய். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதே. காபரேட்டர் உள்ள பல ஸ்கூட்டர்களில் இயந்திரத்தின் உறிஞ்சலால் திறக்கும் வால்வு இருக்கும்; அதற்குப் போகும் மெல்லிய குழாய் கழன்றிருந்தாலோ வெடித்திருந்தாலோ பெற்றோல் இறங்காது. முதலில் அந்தக் குழாயைப் பார்க்கச் சொல்.

புதிய காபரேட்டர் வேண்டாம் என்று நான் சொல்வது சிக்கனத்துக்காக மட்டுமல்ல. மலிவாகக் கிடைக்கும் மாற்றுக் காபரேட்டர்களின் ஜெட் அளவு உன் இயந்திரத்துக்குப் பொருந்தும் என்று நம்ப முடியாது. பிறகு பழைய குறை எது, புதிய குறை எது என்று தெரியாமல் நிற்பாய். வேலைக்கு முன் நன்றாக ஓடிய வண்டி இது. உன் கை பட்ட இடங்களை மட்டும், ஒரு நேரத்தில் ஒன்றாக மாற்றிப் பார். அதுவரை சம்மாந்துறைக்குப் பேருந்தில் போ. பெற்றோல் போதாமல் வேகமாக ஓட்டினால் பிஸ்டன் அளவுக்கு மீறிச் சூடேறும். அந்தச் செலவு காபரேட்டர் விலையோடு நிற்காது.

ஒரு நிமிடத்தில் எவ்வளவு வந்தது, தாங்கியில் அப்போது எவ்வளவு இருந்தது, போத்தலின் அடியில் என்ன தெரிந்தது என்று எழுது. அடுத்த மாதம் கல்முனைக்கு வர இருக்கிறேன். அதற்குள் சரிவராவிட்டால் இங்கிருந்தே அளவான குழாயும் வலைப் பில்டரும் வாங்கிக்கொண்டு வருகிறேன். பழைய குழாயின் துண்டு கிடந்தால் அதன் உள்துவாரத்தை அளந்து அதையும் எழுதிவிடு.

இப்படிக்கு,
உன் அன்பு நண்பன்.