மான் சாணத்தை உப்புக் கரைசலில் மட்டும் பார்த்தால் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கால்நடை ஆய்வகம் ஒன்றில் 29 வருடம் சாணம் பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மாடு, ஆடு, நாய் தவிர, எப்போதாவது மிருகக்காட்சி சாலையிலிருந்து மான், குரங்கு, நரியின் சாம்பிளும் பழைய மாத்திரை டப்பாவில் அடைத்து வரும். "சாணி பாக்கறதுக்கா பி.எஸ்சி. படிச்சே?" என்று என் மாமியார் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது இது. வெளி மாவட்டத்திலிருந்து புள்ளிமான் சாம்பிள் வந்தது. சாணத்தைச் செறிவான உப்புக் கரைசலில் கரைத்து, குப்பியை விளிம்புவரை நிரப்பி, மேலே கவர்ஸ்லிப் என்ற மெல்லிய கண்ணாடித் துண்டைப் போட்டுக் கால் மணி நேரம் விட்டேன். புழு முட்டை இருந்தால் மிதந்து வந்து கண்ணாடியில் ஒட்டும். ஒன்றும் இல்லை. 'நெகட்டிவ்' என்று எழுதி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து அதே இடத்திலிருந்து மறுபடி சாம்பிள். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: மான்கள் இளைக்கின்றன, இரண்டுக்குத் தாடைக்கு அடியில் நீர் கோத்திருக்கிறது, பூச்சி மருந்து கொடுத்தும் பலனில்லை.

அதைப் படித்ததும் எங்கள் டாக்டர், "தண்ணியில கரைச்சு அடி வண்டலைப் பாரும்மா" என்றார். பார்த்தேன். மஞ்சள் பூத்த பெரிய முட்டைகள், ஒரு முனையில் சின்ன மூடி. ஈரல் தட்டைப்புழு. அதன் முட்டை கனமானது, உப்புக் கரைசலில் மேலே வராது. நான் மேலே தேடியது கீழே கிடந்திருக்கிறது. மூன்று வாரம் என் கையெழுத்தால் வீணானது. அங்கே கொடுத்துக்கொண்டிருந்த ஃபென்பெண்டசோல் உருண்டைப்புழுவுக்கு நல்ல மருந்து, ஈரல் தட்டைப்புழுவிடம் அதன் பாச்சா பலிக்காது.

சரி, கூண்டுக்குள் இருக்கிற மானுக்கு இது எங்கிருந்து வந்தது? விசாரித்தால், கோடையில் தீவனம் தட்டுப்பட்டு ஏரிக்கரைப் புல்லை அறுத்துப் போட்டிருக்கிறார்கள். இந்தப் புழுவின் குஞ்சு முதலில் நீர்நத்தைக்குள் போய்ப் பெருகும். பிறகு வெளியே வந்து, நீரோரப் புல்லில் கூடு கட்டி ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். கூண்டுக்குள் நத்தையே வேண்டியதில்லை, புல்கட்டு வந்தால் போதும். நான் இருப்பது கன்னங்குறிச்சி. காலையில் மூக்கனேரிப் பக்கம் நடக்கும்போது யாராவது தலைச்சுமையாகப் பசும்புல் கொண்டுபோவதைப் பார்த்தால், இன்றும் என் கண் முதலில் அந்தக் கட்டின் ஈரமான அடிப்பக்கத்துக்குத்தான் போகிறது. மாட்டுக்காரர்களுக்கும் சொல்கிறேன்: தண்ணீர் மட்டத்துக்கு மேலே அறுங்கள், நன்றாக வெயிலில் உலர்த்திப் போடுங்கள்.

இப்போது ஐப்பசி மழை. உருண்டைப்புழுக்களுக்கு இதுதான் அறுவடைக் காலம். சாணத்தில் விழுந்த முட்டை பொரித்து, குஞ்சு ஈரப் புல்லின் நுனிவரை ஏறி நிற்கும். சின்ன அடைப்பில் நிறைய மான்கள், ஓயாமல் மிதிபடும் மண் தரை, தரையிலேயே கொட்டும் தீவனம், இவை சேர்ந்துவிட்டால் குட்டிகள்தான் முதலில் மாட்டும். உடனே சிமென்ட் போடச் சொல்வார்கள். கழுவ வசதிதான், ஆனால் நாள் முழுக்க அதில் நின்றால் குளம்பு என்ன ஆகும்? சாணத்தைத் தினம் அள்ளுவதும், தீவனத்தைத் தொட்டியில் உயரமாக வைப்பதும் அதைவிடச் செலவு குறைந்த வேலை.

மருந்து கொடுக்கும் விதத்திலும் எனக்கு ஒரு குறை உண்டு. மானைப் பிடித்து வாயில் ஊற்ற முடியாது, பயத்திலேயே செத்துவிடும். அதனால் தீவனத்தில் கலக்கிறார்கள். கொம்பு பெரிய கிடா முதலில் வந்து மூன்று பங்கைத் தின்றுவிடும். நோஞ்சானுக்கு மிச்சம் மீதி. அரைகுறை அளவில் மருந்து போனால் புழு அதற்குப் பழகிவிடும். ஐந்தாறு தொட்டிகளைத் தள்ளித் தள்ளி வைக்க வேண்டும், இரண்டு வாரம் கழித்து மறுபடி சாணம் பார்க்க வேண்டும். அந்த இரண்டாவது சாம்பிள் மட்டும் எங்கள் ஆய்வகத்துக்கு அனேகமாக வந்ததே இல்லை.

எல்லாம் சாணம் வழியாகத்தான் வரும் என்றும் இல்லை. 2000ஆம் ஆண்டு ஒடிசாவின் நந்தன்கானன் விலங்கியல் பூங்காவில் பத்துக்கும் மேற்பட்ட புலிகள் சில நாட்களுக்குள் செத்ததற்குக் காரணம், கடிக்கும் ஈக்கள் பரப்பும் சர்ரா என்ற ரத்த ஒட்டுண்ணி. அந்த ஒட்டுண்ணியைச் சுமந்துகொண்டு வேலிக்கு வெளியே மேயக்கூடிய மாட்டை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

நம் பங்குக்கு வருகிறேன். ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் காரை நிறுத்திக் குரங்குக்குச் சிப்ஸ் வீசுகிறோம். வீசுகிற இடத்திலேயே கூட்டம் கூடுகிறது, அங்கேயே கழிக்கிறது, அந்த மண்ணிலிருந்தே பொறுக்கித் தின்கிறது. குரங்கின் குடலில் இருக்கும் சாட்டைப்புழுவின் முட்டை மைக்ரோஸ்கோப்பில் இருபுறமும் மூடி போட்ட மத்தளம் மாதிரி இருக்கும். மண்ணில் சில வாரம் கிடந்து முதிர்ந்த பிறகுதான் தொற்றும். அதே பழக்கத்தோடு கீழே இறங்கிக் குரும்பப்பட்டி விலங்கியல் பூங்காவுக்கும் போகிறோம். பூங்கா விலங்குக்குத் தீனி போடுவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஜே பிரிவின்படி குற்றம் என்பது, பிள்ளைகளைக் கூட்டிவரும் ஆசிரியர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

உங்கள் நாளிதழ் மூலம் வனத்துறைக்கு ஒரே ஒரு கோரிக்கை. லிஃப்டுக்குள் கடைசியாகச் சோதித்த தேதியை ஒட்டுகிறார்களே, அதுபோல ஒவ்வொரு மான் அடைப்பின் பெயர்ப்பலகையிலும் கடைசியாகச் சாணம் பார்த்த தேதியை எழுதி வைக்கட்டும். உப்புக் கரைசலில் மட்டும் பார்த்தார்களா, வண்டலையும் பார்த்தார்களா என்பதையும் பக்கத்திலேயே எழுதட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக டெக்னீஷியன்,
கன்னங்குறிச்சி, சேலம்.