பூம்பாறையிலிருந்து அம்மா

பூம்பாறை
ஏப்ரல் 11

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நலமாக இருக்க வேண்டும் என்று இன்று காலை இந்த ஊர் முருகன், குழந்தை வேலப்பரைக் கும்பிட்டுவிட்டு வந்துதான் எழுத உட்கார்ந்தேன்.

போன வாரம் போனில் கோபமாகப் பேசினாய். "இந்த வயசுல வீட்டப் பூட்டிட்டு வேன்ல குடித்தனம் பண்றீங்களேம்மா, யாராவது கேட்டா நான் என்ன சொல்றது" என்றாய். நான் பதில் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது. அதுவும் நல்லதுக்குத்தான். போனில் என்றால் நான் அழுதுவிடுவேன், நீயும் அழுவாய். எழுதினால் நிதானமாகச் சொல்லலாம்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீ கனடாவிலிருந்து படம் அனுப்பினாயே, சோபா, குளியலறை, பெரிய அடுப்பு எல்லாம் வைத்த பஸ் மாதிரி வண்டி, அது இல்லை இது. பழைய டிராவலர் வேன். சீட்டையெல்லாம் எடுத்துவிட்டு ஆசாரி ஒருவரை வைத்து அப்பா கட்டில் போட்டிருக்கிறார். கட்டிலுக்கு அடியில் துணி, அரிசி, பருப்பு. பின்கதவைத் திறந்தால் சமையல் மேடை, ஐந்து கிலோ சிலிண்டர், தண்ணீர்க் குடம் இரண்டு, ஒரு டிரம். மேலே சோலார் தகடு. அதில் இரண்டு விளக்கும் ஒரு சின்ன ஃபேனும் ஓடும், போனுக்கும் சார்ஜ் ஏறும். ஃபேனுக்கு இங்கே வேலையே இல்லை. ராத்திரி இரண்டு கம்பளி வேண்டியிருக்கிறது. மாற்றம் செய்ததையெல்லாம் ஆர்.சி. புத்தகத்தில் முறைப்படி பதிந்துவிட்டார். உன் அப்பா காகித விஷயத்தில் எப்படி என்று உனக்குத் தெரியும். கொடைக்கானலுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும் அல்லவா, அதையும் பிரிண்ட் எடுத்து முன்கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறார். போனில் காட்டினால் போதும் என்று நான் சொன்னதைக் கேட்கவில்லை.

இனி நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

அப்பா 31 வருஷம் வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு பஸ் ஓட்டினார். நான் அந்த 31 வருஷத்தில் மலைக்கு மேலே போனது மூன்றே தடவை. கல்யாணமான புதிதில் ஒன்று. உன் பெரிய அத்தை மகள் கல்யாணத்துக்கு ஒன்று. அப்புறம் 2006-இல் குறிஞ்சி பூத்தபோது உன்னைக் கூட்டிக்கொண்டு போனது. அப்போது நீ ஏழாம் வகுப்பு. டம்டம் பாறை தாண்டியதும் என் மடியில் வாந்தி எடுத்தாய், ஞாபகம் இருக்கிறதா? அப்பா ஓட்டிய பஸ்தான் அது. உள்கண்ணாடியில் ஒரே ஒரு தடவை நம்மைப் பார்த்தார். மறுபடி பார்க்கவில்லை. எனக்கு அன்றைக்கு அவர் மேல் அவ்வளவு வருத்தம். அந்த வளைவில் கண்ணை எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வரும்போதுதான் தெரிகிறது.

விடிகாலை நான்கு மணிக்குச் சாப்பாட்டுத் தூக்கு கட்டிக் கொடுப்பேன். அவர் மேலே போவார். நான் கீழே இருந்து மலையைப் பார்ப்பேன். உச்சியில் மேகம் கட்டியிருந்தால் அன்றைக்கு வேலை ஓடாது. இப்படித்தான் அந்த மலை எனக்குப் பழக்கம். இப்போது அதே மலையில் அவரோடு போகிறேன், நினைத்த இடத்தில் நிற்கிறோம். இதைத்தான் நீ அலைச்சல் என்கிறாய்.

நாங்கள் நேர்வழியாகக் கொடைக்கானலுக்கு ஏறவில்லை. முதலில் பட்டிவீரன்பட்டி, சித்தரேவு, பெரும்பாறை வழியாகத் தாண்டிக்குடிக்குப் போனோம். ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவதில்லை. சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் வண்டி நகராது. எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும், பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கக் கூடாது என்று ஒவ்வொரு இறக்கத்திலும் எனக்குப் பாடம் நடக்கிறது. நான் ஓட்டவா போகிறேன்? ஆனாலும் கேட்டுக்கொள்கிறேன்.

தாண்டிக்குடிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்ததற்கு முந்தின வாரம் நல்ல மழை. அந்த மழையில் காபித் தோட்டம் முழுக்கப் பூத்திருந்தது. பாப்பா, அதை எப்படிச் சொல்வது! ஒவ்வொரு கிளையிலும் கணுவுக்குக் கணு வெள்ளைக் கொத்து, யாரோ மல்லிகைச் சரத்தைச் சுற்றிவிட்ட மாதிரி. வாசனையும் மல்லிகைதான், கொஞ்சம் இனிப்புக் கூட. காலையில் கதவைத் திறந்தால் வண்டிக்குள்ளேயே வந்து நிற்கும். இரண்டு மூன்று நாள்தான் இருக்குமாம், பிறகு வாடி உதிர்ந்துவிடும். நமக்கு அது வாய்த்தது. தோட்டக்காரர் சொன்னார், மாசி பங்குனியில் இந்த ஒரு மழை தவறினால் கார்த்திகை மார்கழியில் பறிக்கப் பழம் இருக்காது என்று. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி, அதன் நிழலில் காபி, இடையில் மலைவாழை, அங்கங்கே ஆரஞ்சு. ஒரே நிலத்தில் நான்கு வெள்ளாமை. மலை உச்சியில் பாலமுருகன் கோயில். முருகன் இங்கிருந்துதான் பழனிக்குத் தாண்டிக் குதித்தாராம், அதனால்தான் ஊருக்குத் தாண்டிக்குடி என்று பேராம்.

அங்கேதான் சித்தி குடும்பத்தோடு வந்தாள். ஏழு பேர், ஒரு கார். இட்லிச் சட்டியையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். சித்தப்பாவும் பையன்களும் கல்திட்டை பார்க்கக் கிளம்பினார்கள். பெரிய பெரிய பலகைக் கல்லை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடி வைத்த ஈமச் சின்னங்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கும் முந்தியவை என்கிறார்கள். சித்தியும் நானும் போகவில்லை. தோட்டத்து மேட்டில் பாயை விரித்து உட்கார்ந்து மத்தியானம் முழுக்கப் பேசினோம். தாத்தா செத்ததற்கு அப்புறம் நாங்கள் அப்படி உட்கார்ந்து பேசியதே இல்லை. கல்யாண வீட்டிலும் இழவு வீட்டிலும் பார்த்துக்கொள்வதோடு சரி. பாகப்பிரிவினையில் நடந்த மனக்கசப்பு உனக்குத் தெரியும். அதையும் பேசித் தீர்த்துக்கொண்டோம். அவள் வீட்டில் வைத்து என்னால் அதை ஆரம்பித்திருக்கவே முடியாது.

பண்ணைக்காடு வழியாக ஊத்துக்கு வந்து மெயின் ரோட்டைப் பிடித்தோம். அங்கிருந்து மேலே போகாமல் அப்பா வண்டியைக் கீழே திருப்பினார். எங்கே என்று கேட்டதற்குப் பதில் இல்லை. டம்டம் பாறையில் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கே யார் நிற்கிறார்கள் என்று நினைக்கிறாய்? கண்டக்டர் மாமா! பெரியகுளத்திலிருந்து வரச் சொல்லி இருவரும் பேசி வைத்திருக்கிறார்கள்.

இதை நான் விவரமாகச் சொல்ல வேண்டும். டம்டம் பாறையிலிருந்து எலிவால் அருவி தெரியும். 975 அடி. தமிழ்நாட்டிலேயே உயரமான அருவி. எதிர்மலையில் வெள்ளையாக ஒரு வால் தொங்குகிற மாதிரி இருக்கும், கீழே மஞ்சளாறு அணை. பஸ்ஸில் போகிற எல்லோரும் அந்தப் பக்கம் திரும்புவார்கள். ஓட்டுகிறவர் மட்டும் திரும்ப முடியாது. அதனால் மாமா அப்பாவோடு கண்டக்டராக இருந்த 17 வருஷமும் அந்த இடம் வந்ததும் அப்பா, "வால் இருக்கா?" என்று கேட்பாராம். மாமா படியில் நின்று பார்த்து, "இருக்குண்ணே", "நூலாட்டம் இருக்குண்ணே", "இன்னைக்கு மேகம் மூடிருச்சுண்ணே" என்று சொல்வாராம். இந்தக் கதையை இருவரும் ஒரு நாளும் நம் வீட்டில் சொன்னதில்லை.

அன்றைக்கு இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சித்திரை பிறக்கப் போகிறது, தண்ணீர் குறைவு. மெல்லிசாகத்தான் விழுந்தது. மாமா வழக்கம்போல, "நூலாட்டம் இருக்குண்ணே" என்றார். அப்பா, "ஆமா, நூலாட்டம்தான் இருக்கு" என்றார். அவ்வளவுதான் பேசினார்கள். அரை மணி நேரம் அப்படியே நின்றார்கள். நான் வேனுக்குப் பின்னால் போய் டீ போட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வருவதற்கு எனக்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

மாமா மூன்று நாள் எங்களோடு இருந்தார். அப்பாவும் அவரும் வண்டிக்குள், நான் ஒரு தோட்டக்காரர் வீட்டில் அவர் மனைவியோடு. தங்குமிடம் பற்றித்தானே உனக்குப் பயம்? காட்டு ரோட்டில் நாங்கள் ஒரு நாளும் தங்குவதில்லை, வனத்துறை விடவும் விடாது. எங்கே போனாலும் "டிரைவர் அண்ணே" என்று யாராவது ஓடி வருகிறார்கள். அப்பா சில வருஷம் மன்னவனூர் டிரிப்பும் ஓட்டினார் இல்லையா, இங்கே பூம்பாறையில் எங்களுக்கு இடம் கொடுத்திருப்பவர் அந்தப் பஸ்ஸில் பூண்டு மூட்டை ஏற்றினவர். அவர் பெண் பன்னிரண்டாவது பரீட்சைக்கு ஓடி வந்ததைப் பார்த்து அப்பா இரண்டு நிமிஷம் பஸ்ஸை நிறுத்தி வைத்திருந்தாராம். அப்பாவுக்கு அது நினைவிலேயே இல்லை. அந்தப் பெண் இப்போது நர்ஸ். அவர் களத்தில்தான் எங்கள் வண்டி நிற்கிறது. கழிப்பறை, தண்ணீர், எல்லாம் அவர்கள் வீட்டில். காசு வாங்க மாட்டேன் என்கிறார்கள். நான் அவர்கள் வீட்டுக்கு முறுக்குச் சுட்டுக் கொடுத்தேன்.

கொடைக்கானல் டவுனில் இரண்டே நாள்தான் இருந்தோம். சீசன் கூட்டம் தொடங்கிவிட்டது. ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர், ஒரு முழு காலைநேரம் எடுத்துக்கொண்டு நடந்தோம். 1863-இல் லெவிஞ்ச் என்ற கலெக்டர் வெட்டிய ஏரி அது. வழிந்து போகிற தண்ணீர்தான் கீழே வெள்ளி அருவியாக விழுகிறது என்று அப்பா சொன்னார். நான் அதுவும் இதுவும் வேறு வேறு தண்ணீர் என்றே நினைத்திருந்தேன். குறிஞ்சியாண்டவர் கோயிலுக்கும் போனோம். நீயும் நானும் நின்ற அதே இடத்தில் நின்று கீழே பழனியைப் பார்த்தேன். 2018-இல் குறிஞ்சி பூத்தபோது நீ விமானம் ஏறிவிட்டாய், எனக்குப் போக மனம் வரவில்லை. அடுத்தது 2030.

பூம்பாறைக்கு வந்து இன்றோடு ஆறு நாள். மலைச்சரிவு முழுக்கப் படிக்கட்டு வயல், நடுவில் ஓட்டு வீடுகள், தெருவெல்லாம் பூண்டு வாசனை. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதில் இந்த ஊர்க்காரர்களுக்குப் பெரிய பெருமை. பல் சின்னது, காரம் அதிகம். ரசத்தில் இரண்டு பல் போட்டாலே போதும். நீ எழுதியிருந்த மாதிரி நான் வெளியே சாப்பிடுவதில்லை, வேளாவேளைக்குச் சமைக்கிறேன். ஆனால் பருப்பு மட்டும் குக்கர் இல்லாமல் வேகவே மாட்டேன் என்கிறது. ஏழாயிரம் அடி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுமாம், அந்தச் சூடு பருப்புக்குப் போதாது. ஊரில் மூன்று விசில், இங்கே ஆறு.

பயந்தது ஒரே ஒரு ராத்திரி. மறைத்தால் அப்பா வாயிலிருந்து எப்படியும் உனக்கு வந்துவிடும், நானே சொல்லிவிடுகிறேன். இரண்டு மணி இருக்கும், வண்டி லேசாக ஆடியது. ஜன்னல் திரையை விலக்கினால் கறுப்பாக ஒரு சுவர். சுவர் மூச்சு விட்டது! காட்டுமாடு, பாப்பா. வேனில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றது. அப்பா என் கையைப் பிடித்து, டார்ச் போடாதே, பேசாதே என்று சைகை காட்டினார். கால் மணி நேரம் தேய்த்துவிட்டுத் தானாகப் போனது. களத்து விளக்கில் போகும்போது பார்த்தேன், நாலு காலிலும் முட்டிக்குக் கீழே வெள்ளை, பள்ளிக்கூடப் பிள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி. மறுநாளிலிருந்து வண்டியை வீட்டுச் சுவரை ஒட்டி நிறுத்தியிருக்கிறோம்.

மாத்திரை இருவரும் தவறாமல் போடுகிறோம். அப்பாவுக்கு சர்க்கரை குறைந்திருக்கிறது, நடப்பதால் இருக்கும். என் முட்டி வலி ஏற்றத்தில் இருக்கிறது, இறக்கத்தில் அதிகம். அதற்காக நான் வீட்டுக்குத் திரும்பப் போவதில்லை. யாராவது கேட்டால், அம்மாவும் அப்பாவும் மலைக்குப் போயிருக்கிறார்கள் என்று சொல். அதில் மறைக்க ஒன்றும் இல்லை.

நாளை மன்னவனூர். அங்கே ஆட்டுப் பண்ணையில் கம்பளி ஆடுகள் இருக்கின்றன, பேரனுக்கு வீடியோ எடுத்து அனுப்புகிறேன். வைகாசியில் கீழே இறங்கி வீட்டை ஒட்டடை அடித்து, மழை நின்றதும் மறுபடி ஏறுவோம். நீங்கள் டிசம்பரில் வருகிறீர்கள் என்று மாப்பிள்ளை சொன்னார். ஊரில் ஒரு வாரம், எங்களோடு மேலே ஒரு வாரம் என்று வைத்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் தோட்டத்து வீட்டில் தங்கலாம், கேட்டு வைத்துவிட்டேன். பேரன் எங்களோடு வண்டியில்தான். கட்டிலுக்கும் சமையல் மேடைக்கும் நடுவே மடக்குப் பலகை போட அப்பா இடம் பார்த்துவிட்டார். பிள்ளையின் உயரத்தை அளந்து எழுது. டிசம்பருக்குள் வளர்ந்துவிடுவான், அரை அடி கூட்டியே ஆசாரியிடம் சொல்கிறேன் என்கிறார்.

அன்புடன்,
அம்மா