இடது காலை இரண்டால் பெருக்காதே

செந்தூல், கோலாலம்பூர்,
ஞாயிறு இரவு

பங்காளிக்கு,

தீபாவளிக்கு நீ எழுதியதற்கே இன்னும் பதில் போடவில்லை. கோபப்படாதே. இங்கே எல்லாரும் நலம். சின்னவள் எஸ்.பி.எம். தேர்வு எழுதி முடித்துவிட்டாள். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உன் அக்கா கொடுத்தனுப்பிய ஜாதிக்காய் ஊறுகாய் வந்து சேர்ந்தது, பாதி டப்பா காலி. வாத்தியார் இன்னமும் ஊலு யாம் ஏற்றத்தில் பாதி வழியில் சைக்கிளை நிறுத்திப் படம்தான் எடுக்கிறார். தேங்காய் விஷயத்தை அவர் மறக்கவே இல்லை, நேரில் பார்த்தால் நீ தப்ப முடியாது.

செய்தி இவ்வளவுதான். இந்தக் கடிதம், மிதிக்கும் பலத்தை வாட்டில் அளக்க உன் சைக்கிளுக்கு நீ வாங்கப் பார்க்கும் மீட்டர் பற்றிய உன் கடைசி வரிக்காக. "இடது கிராங்கில் ஒட்டிய பவர் மீட்டர், கைமாற்று, நல்ல விலை, வெள்ளிக்கிழமை பணம் கொடுக்கப் போகிறேன்" என்று எழுதியிருக்கிறாய். கொடுக்காதே மச்சான். மீட்டர் மட்டம் என்று சொல்லவில்லை. வேறு யாராவது கேட்டிருந்தால் "எடுத்துக்கொள்" என்றுதான் சொல்லியிருப்பேன். உன் இடது முழங்காலுக்கு அது சரிப்படாது.

அந்த மீட்டர் என்ன செய்கிறது என்று பார். நீ மிதிக்கும்போது கிராங்க், அதாவது பெடலைத் தாங்கும் கை, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளைகிறது. அதன்மேல் ஒட்டிய மெல்லிய கம்பிப் பட்டை, ஸ்ட்ரெய்ன் கேஜ், அந்த வளைவைப் படிக்கிறது. அதிலிருந்து டார்க், அதாவது சுழற்றும் முறுக்கு விசை, கிடைக்கிறது. சுழலும் வேகத்தால் பெருக்கினால் வாட். இடது கிராங்கில் மட்டும் பட்டை இருந்தால் இடது காலின் வாட் மட்டும்தான் தெரியும். அதை இரண்டால் பெருக்கி "இதுதான் மொத்தம்" என்று திரையில் காட்டிவிடும். இரண்டு காலும் ஏறக்குறைய சமமாக மிதிப்பவனுக்கு இது போதும். 48க்கு 52 என்று இருந்தால்கூட, 200 வாட் மிதிப்பவனுக்கு 192 காட்டும். குடி முழுகிப் போகாது.

உன் கணக்கு வேறு. அறுவை சிகிச்சை முடிந்து இன்னும் ஓராண்டுகூட ஆகவில்லை, இடது தொடை இன்னும் மெலிவுதான் என்று நீயே எழுதியிருக்கிறாய். உன் இடது கால் நூற்றுக்கு 44 பங்கு தருகிறது என்று வைத்துக்கொள். மொத்தம் 200 வாட் என்றால் இடது 88. மீட்டர் 176 காட்டும். சரி, 24 வாட் குறைவுதானே, எப்போதும் அதே அளவு குறைவாகக் காட்டினால் பழகிக்கொள்ளலாம் என்று நினைப்பாய். அது அதே அளவில் நிற்காது. பயிற்சி செய்து இடது கால் தேறி 49 பங்குக்கு வந்தால், மொத்தம் அதே 200ஆக இருந்தாலும் மீட்டர் 196 காட்டும். இருபது வாட் கூடிவிட்டது என்று நீ கொண்டாடுவாய், ஆனால் உன் வேகம் கூடியிருக்காது.

எனக்குப் பயமே அதன் மறுபக்கம்தான். மூன்றாவது மணி நேரத்தில், பினாங்கின் பாலிக் புலாவ் தாண்டித் திரும்பும் ஏற்றத்தில், பலவீனமான கால்தான் முதலில் சோரும். 41 பங்குக்கு இறங்கினால் அதே 200 வாட்டுக்குத் திரையில் 164. நீ என்ன செய்வாய்? எண் விழுகிறதே என்று பல்லைக் கடித்து 176க்கு இழுப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? அந்த 176ஐக் காட்டவைக்க உன் உடம்பு அப்போது உண்மையில் சுமார் 215 வாட் கொடுக்க வேண்டும். அதுவும் ஏற்கனவே களைத்துப்போன அந்த முட்டியை வைத்துக்கொண்டு. விலை பாதி என்பதற்காக இதை வாங்குவதா? உன் முட்டியைப் பற்றி இதைவிட மென்மையாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆகவே உனக்கு வேண்டியது இரண்டு காலையும் அளப்பது. அதில் மூன்று வழி உண்டு. ஒன்று ஸ்பைடர், அதாவது கிராங்குக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே இருக்கும் நட்சத்திரத் துண்டு. 1986இல் ஜெர்மனியில் உல்ரிச் ஷோபரர் தொடங்கிய எஸ்.ஆர்.எம். இந்த வகைதான், குவார்க் நிறுவனத்து மீட்டரும் இதுதான். மொத்த வாட்டை மிக நன்றாக அளக்கும். ஆனால் இரண்டு காலின் விசையும் கலந்த பிறகுதான் ஸ்பைடருக்கு வருகிறது. இடது, வலது என்று அது காட்டுவது, எந்தக் கால் கீழே இறங்கும் அரைச்சுற்று என்று பார்த்துப் பிரித்த ஊகம். இடது கால் கீழே தள்ளும்போது வலது காலை நீ மேலே தூக்காமல் கனமாக விட்டிருந்தால், அந்தக் கனமும் இடதின் கணக்கில் கழியும். பிசியோதெரபிஸ்டிடம் காட்ட அது உதவாது. இன்னொரு வழி இரண்டு கிராங்கிலும் பட்டை ஒட்டுவது. ஷிமானோவின் வலது கிராங்க் பல்சக்கரத்தோடு சேர்ந்து கோணல் வடிவத்தில் இருப்பதால் அங்கே அளவு பிசகுவது பலரும் அறிந்த சிக்கல். உன் இரண்டு சைக்கிளுக்கும் மாற்றி மாற்றிப் போடவும் முடியாது.

மிச்சம் பெடல். இரண்டு பெடலின் அச்சிலும் தனித்தனிச் சென்சார், ஐந்து நிமிடத்தில் ஒரு சைக்கிளிலிருந்து கழற்றி இன்னொன்றில் போடலாம். எனக்குக் கேள்வியே இல்லை, பெடல்தான்.

எந்தப் பெடல் என்பதை உன் கிளீட், அதாவது சப்பாத்தின் அடியில் பெடலோடு மாட்டும் துண்டு, தீர்மானிக்கட்டும். பிசியோ உட்கார்ந்து அமைத்துக் கொடுத்தது ஷிமானோ மஞ்சள் கிளீட், பாதம் பக்கவாட்டில் திரும்ப 6 டிகிரி ஆட்டம். அதை அசைக்காதே. ஃபவேரோ அசியோமா டுவோ அருமையான பெடல், சார்ஜ் போட்டால் 50 மணி நேரம் ஓடும், துல்லியம் கூட்டல் கழித்தல் 1 சதவீதம். ஆனால் அதற்கு லுக் கியோ வகை கிளீட். சப்பாத்தின் மூன்று துளைக்கு அதுவும் பொருந்தும். ஆட்டமும் உயரமும் மாறலாம், சீட் உயரத்தை மறுபடி பார்க்க வேண்டும். ஷிமானோ பெடல் உடலை மாட்டிக்கொள்ளும் டுவோ ஷி என்ற வகையும் உண்டு. அதில் கிராங்கிலிருந்து பாதத்தின் நடுவுக்கு 65 மில்லிமீட்டர், சாதாரண டுவோவில் 54. ஒவ்வொரு காலும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வெளியே தள்ளிப் போகும். நல்ல முட்டிக்கே சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, உனக்கு வேண்டவே வேண்டாம். கார்மின் ரேலியில் ஆர்.எஸ். 200 என்பது உன் மஞ்சள் கிளீட்டையே ஏற்கும். 100 என்று முடிந்தால் ஒற்றைப் பக்கம், 200 என்றால் இரண்டு பக்கமும். கடையில் பெட்டியைப் பார்த்து வாங்கு. அதில் சார்ஜ் கிடையாது, சின்ன பொத்தான் பேட்டரி, 120 மணி நேரம் வரை என்று சொல்கிறார்கள். உன் கிளீட் அசையாமல் இருப்பதற்காகவே நான் ரேலி பக்கம் சாய்கிறேன்.

விலை கடிக்கும், தெரியும். "இப்போது அசியோமா ஊனோ, பிறகு வலது பெடல் வாங்கி டுவோ ஆக்கிக்கொள்ளலாம்" என்று உன் கடைக்காரர் சொல்லலாம். வேறு யாருக்கும் நல்ல யோசனை. ஊனோவில் சென்சார் இருப்பது இடது பெடலில். மறுபடியும் அதே கதை. பணம் போதாவிட்டால் மூன்று மாதம் பொறு, நெஞ்சுப் பட்டையோடு இதயத் துடிப்பைப் பார்த்து ஓட்டு. வெளிநாட்டு இணையக் கடையில் மலிவாகத் தெரிந்தால் வரியைச் சேர்த்துக் கணக்குப் போடு. 500 மலேசிய வெள்ளிக்குக் கீழ் என்றால் 2024 ஜனவரி முதல் 10 சதவீத விற்பனை வரி, அதற்கு மேல் என்றால் சுங்கத்தில் பார்த்துக்கொள்வார்கள். அதோடு பழுதானால் பெட்டி கட்டித் திருப்பி அனுப்பும் செலவு உன் தலையில். பில்லோடு உள்ளூர் ஏஜெண்டிடம் வாங்குவதில் இருக்கும் நிம்மதிக்கும் ஒரு விலை உண்டு.

மாட்டும்போது: இடது பெடலின் மரை தலைகீழ், உனக்குத் தெரியும். மரையைத் துடைத்து மெல்ல கிரீஸ் பூசு. ரேலிக்கு 15 மில்லிமீட்டர் ஸ்பேனர், 34 நியூட்டன் மீட்டர் முறுக்கு. கைப்பழக்கத்தில் முறுக்காதே, டார்க் ரெஞ்சை யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள். பெடல் தளர்ந்திருந்தால் அளவு அலைபாயும். மாட்டியவுடன் நாலைந்து தடவை பலமாக மிதித்து ஓட்டிவிட்டு, மறுபடி முறுக்கைச் சரிபார்த்து, ஜீரோ வை, எப்படி என்று கீழே சொல்கிறேன்.

கிராங்க் நீளத்தைக் கட்டாயம் பதிவு செய். பெடல் விசையை மட்டும் அளக்கிறது, டார்க் ஆக்க நீளத்தால் பெருக்குகிறது. உன் கார்பன் சைக்கிளில் 172.5, பழைய இரும்புச் சைக்கிளில் 165 என்று ஞாபகம். பெடலை மாற்றிவிட்டு நீளத்தை மாற்ற மறந்தால் நாலரை சதவீதம் பிசகும். துல்லியம் 1 சதவீதம் என்று காசு கொடுத்து வாங்கி இப்படித் தொலைப்பவர்களை வாரம் ஒருவராவது கோம்பாக்கில் பார்க்கலாம்.

இனி ஜீரோ. இதைப் பலர் சடங்காகச் செய்கிறார்கள், சிலர் செய்வதே இல்லை. பாரமே இல்லாதபோது மீட்டர் காட்ட வேண்டியது பூஜ்யம். சூடு ஏறினால் உலோகம் விரியும், பட்டையும் விரியும், அந்தப் பூஜ்யம் நகரும். நல்ல மீட்டர்கள் வெப்பத்துக்கு ஏற்பத் தாமே திருத்திக்கொள்ளும், ஆனாலும் முழுதாக நம்பாதே. குளிரூட்டிய காரிலிருந்து சைக்கிளை இறக்கியவுடன் ஜீரோ வைத்தால், அரைமணி நேரத்தில் வெயிலில் அது பொய்யாகிவிடும். இறக்கி நிழலில் சாய்த்து, பத்துப் பதினைந்து நிமிடம் வெளிக்காற்று பட விடு. அதற்குள் பசியாறிவிட்டு வா. பிறகு பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு, கிராங்கைச் செங்குத்தாக நிறுத்தி, சைக்கிளை அசையாமல் பிடித்து ஜீரோ அழுத்து. விடியற்காலையில் 24 டிகிரியில் கிளம்பி பத்து மணிக்கு 32 ஆகிவிடும் நம் ஊரில், தேநீருக்கு நிற்கும்போது இன்னொரு தடவை அழுத்து. காட்டும் எண்ணைக் குறித்து வை. நாளுக்கு நாள் கொஞ்சம் நகர்வது இயல்பு. திடீரென்று எகிறினால் பெடல் தளர்வு, பேட்டரி, அல்லது உள்ளே ஈரம்.

ஜீரோ சரியாக இருப்பதால் 200 என்பது 200தான் என்று ஆகிவிடாது. அதைச் சோதிக்க வழி உண்டு. சரியாக எடைபோட்ட 20 கிலோ பாரத்தைப் பெடல் அச்சில் கட்டித் தொங்கவிடு, பின் பிரேக்கைப் பிடித்துக் கிராங்கைக் கிடையாக நிறுத்து. நம் நாட்டில் புவியீர்ப்பு 9.78. இருபதை அதால் பெருக்கி, கிராங்க் நீளம் 0.17 மீட்டர் என்றால் அதாலும் பெருக்கு, 33.25 நியூட்டன் மீட்டர் வர வேண்டும். மீட்டரின் செயலி டார்க்கைக் காட்டினால் ஒப்பிட்டுப் பார். வாங்கிய வாரமே இரண்டு பக்கமும் செய்துவிட்டால், பிறகு சந்தேகம் வரும்போது ஒப்பிட ஒரு கணக்கு கையில் இருக்கும்.

வீட்டுக்குள் ஓட்டச் சைக்கிளின் பின்பக்கம் மாட்டும் டிரெய்னரோடு ஒப்பிட்டுக் கலங்காதே. டிரெய்னர் பின்னால் அளக்கிறது, செயின் தின்றது போக மிச்சம்தான் அங்கே வரும். இரண்டு மூன்று சதவீதம் குறைவாகக் காட்டுவது சரிதான். பெடலைவிட டிரெய்னர் கூடுதலாகக் காட்டினால்தான் யோசிக்க வேண்டும்.

நீ கடலோரம் ஓட்டுபவன், உப்புக்காற்று வேறு. வீடு திரும்பியதும் நல்ல தண்ணீர் தொட்ட துணியால் துடை, பீச்சு குழாய் கிட்டவே போகக் கூடாது. பேட்டரி மூடியின் ரப்பர் வளையத்தில் சிலிகோன் கிரீஸ் ஒரு பொட்டு. பச்சைப் பாசி மாதிரி ஏதாவது தொடர்புத் தகட்டில் படிந்தால் அன்றே சுத்தம் செய்.

திரையில் இடது வலது பங்கை ஓட்டும்போது வைக்காதே. மூன்று விநாடி சராசரி வாட் போதும். பங்கை வீட்டுக்கு வந்து பார், ஒரே ஏற்றம், ஒரே அளவு உழைப்பு என்று வாராவாரம் ஒப்பிட்டுப் பிசியோவிடம் காட்டு. மிதிக்கும் வேகத்துக்கும் பாரத்துக்கும் ஏற்ப அந்தப் பங்கு மாறும், ஒருநாள் எண்ணைப் பார்த்து மனம் தளராதே.

இன்னொன்று, மீட்டருக்குச் சம்பந்தமில்லை, ஆனால் அவசரம். உன் கார்பன் சைக்கிளில் இருப்பது அல்டெக்ரா ஆர் 8000 கிராங்க்தானே, 2018இல் வாங்கியது? 2019 ஜூலைக்கு முன் செய்த அந்த வகைக் கிராங்குகளில் ஒட்டுப் பிரிந்து உடைகிறது என்று 2023 செப்டம்பரில் ஷிமானோ சோதனைக்கு அழைத்தது. கிராங்கின் உள்பக்கம் இரண்டு எழுத்துக் குறி இருக்கும். பெடல் மாட்டுவதற்கு முன்னால் அதைப் படமெடுத்து எனக்கு அனுப்பு, கடையிலும் காட்டு. இரண்டு சைக்கிளின் கிராங்க் நீளத்தையும் பார்த்து எழுது, அதுவும் கிராங்கின் உள்பக்கமே பொறித்திருக்கும்.

விற்பவரிடம் நாளைக்கே வேண்டாம் என்று சொல்லிவிடு. அக்காவிடம் ஊறுகாய் இன்னொரு டப்பா கேட்டேன் என்று சொல்.

உன்
பங்காளி