ஹீட்டர் ராடு விற்கும் பக்கத்தில் லைசென்ஸ் எண் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திண்டுக்கல்லில் மிக்ஸி, கிரைண்டர், அயர்ன் பாக்ஸ் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். மார்கழி பிறந்தால் எங்கள் மேஜையில் வாட்டர் ஹீட்டர் ராடுகள் குவியும். முன்பெல்லாம் நாலைந்து வருஷம் ஓடித் தேய்ந்ததுதான் வரும். இப்போது வாங்கிய சூடு ஆறாததெல்லாம் வருகிறது. எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டால், ‘ஆன்லைன்லதான் அண்ணே, கடையைவிட பாதி விலை’ என்கிறார்கள்.

சமீபத்தில் ஓர் அம்மா கொண்டுவந்த ராடைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கெட் தண்ணீரைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது என்றார். பார்த்தால் இரண்டு பின் பிளக். பிடியைக் கழற்றினேன், உள்ளே இரண்டே வயர், எர்த்துக்கான பச்சை வயரைக் காணோம். மேல் குழாயை எர்த்தோடு சேர்க்க ஒரு திருகுகூட வைக்கவில்லை. கசிவு பார்க்கும் சீரிஸ் லாம்ப் போட்டதும் அதன் பல்பு மங்கலாக எரிந்தது. அதாவது பாடியில் லீக்கேஜ். குழாய்க்குள் அடைத்திருக்கும் வெள்ளைப் பொடியில் ஈரம் இறங்கினால் கரன்ட் வெளிக்குழாய்க்குக் கசியும். எர்த் சரியாக இருந்தால் அது அந்த வழியாகப் போய்விடும். வீட்டில் டிரிப்பர், அதாவது கசிவு வந்ததும் கரன்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச் இருந்தால் அதுவும் விழும். எர்த்தே இல்லாவிட்டால் தண்ணீரில் கை வைப்பவர் வழியாகத்தான் அது தரைக்குப் போக வேண்டும்.

அட்டைப் பெட்டியையும் கொண்டுவரச் சொன்னேன். ஐஎஸ்ஐ முத்திரை பளிச்சென்று அச்சாகியிருந்தது. உண்மையான முத்திரைக்கு மேலே தர எண் இருக்கும், இம்மர்ஷன் ஹீட்டர் எனப்படும் இந்த ராடுக்கு ஐஎஸ் 368. கீழே ‘சிஎம்/எல்’ என்று தொடங்கும் லைசென்ஸ் எண் இருக்கும். இந்தப் பெட்டியில் இரண்டும் இல்லை, வெறும் படம்தான். செய்தவர் பெயரோ முகவரியோ கிடையாது. தண்ணீரில் முக்கிய பிறகு சுவிட்ச் போடவும், அணைத்து பிளக்கைப் பிடுங்கிய பிறகு கை வைக்கவும் என்று ஒரு வரி சொல்லும் தாள்கூட உள்ளே இல்லை. அந்த அம்மாவின் மகன் விற்பனைப் பக்கத்தை போனில் காட்டினார். நாலு ஸ்டார் போட்டிருந்தது. படித்துப் பார்த்தால் பாதிப் பேர் டெலிவரி சீக்கிரம் வந்ததற்காகக் கொடுத்த ஸ்டார்!

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. இந்த ஹீட்டரை ஐஎஸ்ஐ முத்திரை இல்லாமல் விற்கக் கூடாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2021 டிசம்பரில் வெளியிட்ட எச்சரிக்கையில் இம்மர்ஷன் ஹீட்டரின் பெயரைச் சொல்லியே எழுதியிருக்கிறது. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, பொருளைப் பற்றிப் போடும் விவரமும் படமும் உண்மை என்று விற்பவரிடம் ஆன்லைன் விற்பனைத் தளம் உறுதிமொழி வாங்க வேண்டும். சரி, வாங்குகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ‘என் சரக்கு நல்ல சரக்கு’ என்று விற்பவரே எழுதிக் கொடுப்பது எப்படி அத்தாட்சி ஆகும்?

நான் கேட்பது ஒன்றுதான். பான் எண்ணும் வங்கிக் கணக்கும் கொடுக்காத ஒருவர் இந்தத் தளங்களில் கடை திறக்க முடியாது. பணம் சம்பந்தப்பட்ட தாள் என்றால் அவ்வளவு கறார். அதே போல, ஐஎஸ்ஐ கட்டாயமான பொருளுக்கு லைசென்ஸ் எண்ணை நிரப்பாமல் விற்பனைப் பக்கமே திறக்கக் கூடாது. அந்த எண் வாங்குபவர் கண்ணில் படும்படி விலைக்குப் பக்கத்தில் எழுத்தில் இருக்க வேண்டும், படத்துக்குள் ஒளிந்து அல்ல. ஐஎஸ்ஐ முத்திரை வழங்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் எண்ணைத் தட்டினால் லைசென்ஸ் யாருடையது, எந்தப் பொருளுக்கு, இன்னும் செல்லுமா என்று காட்டிவிடும். நான் கடையில் உட்கார்ந்து போனில் பார்ப்பதை, இத்தனை கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் பார்க்க முடியாதா? கடையில் வாங்குபவர் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் காசு கொடுக்கிறார். ஆன்லைனில் காசு கொடுத்த பிறகுதான் பெட்டியே கைக்கு வருகிறது.

கெடுபிடி கூடினால் சின்ன உற்பத்தியாளர்கள் பாதிக்கப்படுவார்கள் என்பார்கள். லைசென்ஸ் எடுத்து, சோதனைக்குச் செலவு செய்து, மூன்று பின் பிளக்கும் நல்ல வயரும் போட்டு விற்கும் சின்ன யூனிட்காரர்களும் இருக்கிறார்கள். எர்த் வயரை மிச்சம் பிடித்து விலையைக் குறைப்பவனோடு இன்று போட்டி போட முடியாமல் தவிப்பது அவர்கள்தான்.

அபராதத்தின் லட்சணத்தையும் பாருங்கள். ஐஎஸ்ஐ முத்திரையைக் கட்டாயமாக்கும் தரக் கட்டுப்பாட்டு உத்தரவை மீறிய பிரஷர் குக்கர்களை விற்க விட்டதற்காக 2022 ஆகஸ்டில் அமேசானுக்கு ஆணையம் விதித்தது 1 லட்சம் ரூபாய். விற்ற குக்கர்கள் 2,265. அதில் கிடைத்த கமிஷன் 6 லட்சத்துக்கும் மேல் என்று அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டிருந்தது. அபராதம் போக மீதி லாபம்தானே?

ஆனால் அந்த உத்தரவில் உருப்படியான ஒரு விஷயம் உண்டு. வாங்கிய ஒவ்வொருவருக்கும் தகவல் சொல்லி, குக்கரைத் திரும்பப் பெற்று, பணத்தைக் கொடுக்கச் சொன்னார்கள். இதை எல்லாப் பொருளுக்கும் வழக்கமாக்க வேண்டும். 2025 மார்ச்சில் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள ஆன்லைன் நிறுவனங்களின் கிடங்குகளில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தினர் சோதனை போட்டு, முத்திரை இல்லாத ஃபிளாஸ்க், தண்ணீர் பாட்டில், மின்விசிறி, பொம்மை என்று பறிமுதல் செய்தார்கள். நல்ல வேலை. ஆனால் அது கிடங்கில் மிஞ்சியிருந்த சரக்கு. அதற்கு முன்பே விற்று வீடுகளுக்குப் போனவற்றை யார் தேடுவது? தேடவே வேண்டாம், வாங்கியவரின் பெயர், வீட்டு எண், போன் எண் எல்லாம் தளத்திடமே இருக்கிறது. தீபாவளி ஆஃபருக்கு ஒரு நாளைக்கு மூன்று முறை மெசேஜ் அனுப்புகிறவர்கள், ‘நீங்கள் வாங்கிய ஹீட்டரை உபயோகிக்காதீர்கள், பணத்தைத் திருப்பித் தருகிறோம்’ என்று தமிழில் ஒரே ஒரு மெசேஜ் அனுப்பட்டும்.

அந்த அம்மாவிடம் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த ராடை மட்டும் சரி செய்து தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
மின்சாதனப் பழுது பார்ப்பவர்,
திண்டுக்கல்.